இருமலுக்குத் தூக்கிய கை

குழாயடியில் "மெம்பரம்மா!" என்று முதன்முதலாக யாரோ கூப்பிட்டபோது, தையல்காரி இடுப்புக் குடத்தோடு பின்னால் திரும்பிப் பார்த்தாளாம், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று. அவளைத்தான். நகராட்சித் தேர்தலில் அந்த வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள், புருஷன் நிற்க வைத்தான், ஜெயித்துவிட்டாள்.

"கூட்டத்துல நான் என்னங்க பேசறது?"

"பேசவே வேணாம்டி. நான் பின்னாடி பெஞ்சுல இருப்பேன். இருமினா கையத் தூக்கு. இல்லேன்னா கம்முனு இரு."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "தொண்டை எங்க அண்ணனோடது, கை அண்ணியோடது. நல்ல மெம்பர்தான் போங்க!"

ஆனால் ஒரு காரியம் அவளே செய்தது. கடைத்தெரு முனையில் நகராட்சியின் பிரசவ அறை தூசி படிந்து பூட்டிக் கிடந்தது. தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்த் திறக்க வைத்தாள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். வீடு வீடாகப் பழைய துணி கேட்டு வாங்கி, கொதிக்க வைத்து, தன் மெஷினிலேயே விரிப்பு தைத்தாள். மருத்துவச்சியைக் கையோடு கூட்டிவந்து உட்கார வைத்தாள். நிறைமாதத்தில் இருந்த நாத்தனார் சொல்லிவிட்டாள்: "எனக்கும் அங்கதான் அண்ணி. நீங்க தச்ச விரிப்புலதான்."

அந்த மாதக் கூட்டத்தில் தலைவர் ஏதோ ஒரு தீர்மானத்தை மடமடவென்று வாசித்தார். கட்டடப் பயன்பாடு, மாற்றம் என்று காதில் விழுந்ததே தவிர, தன் பிரசவ அறையை மூடி வரி ஆபீசுக்குக் கொடுக்கிறார்கள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பின் பெஞ்சில் இருமல் கேட்டது. கையைத் தூக்கினாள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

வாசலுக்கு வந்ததும் புருஷன் கத்தினான். "ஏண்டி தூக்கின?"

"நீங்கதானே இருமினீங்க?"

"அடிப் பாவி, அது சளிடி!"

அவள் போய்க் கெஞ்சாத ஆள் இல்லை. "தூக்கினது உங்க கைதானேம்மா," என்றார் தலைவர்.

மழை கொட்டிய ஒரு நாள் நாத்தனாருக்கு வலி கண்டது. பெரிய ஆஸ்பத்திரி ஊருக்கு அந்தப் பக்கம். பாலத்து நெரிசலில் ஆட்டோ நின்றேபோனது. "அண்ணி, உங்க கையக் குடுங்க," என்று நாத்தனார் இறுகப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கை என்று அவள் பார்க்கவில்லை. தையல்காரி பார்த்தாள். குழந்தை ஆட்டோவிலேயே பிறந்தது. அழவில்லை.

நாத்தனார் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருக்கும் தையல்காரிக்கு. அதன்பிறகு புருஷன் பின் பெஞ்சில் எத்தனை முறை இருமினாலும் அவள் கை மடியைவிட்டு எழவில்லை.

பதவி முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த அறை இன்னும் வரி ஆபீசாகத்தான் இருக்கிறது. தையல்காரி இப்போது பெரிய ஆஸ்பத்திரியில், துணைக்கு ஆளில்லாமல் பிரசவத்துக்கு வருகிறவர்களின் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.