தண்ணீர் திறந்து விடப்படுகிறது

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறியது. நகல் எடுக்க வந்தவர் பதறிப்போய் கையிலிருந்த டீயைத் தன் பத்திரத்தின் மேலேயே கொட்டிக்கொண்டார். புயல், பலத்த காற்று, பாதுகாப்பாக இருக்கவும் என்று திரையில் இருந்தது. கடைக்காரர் எடுத்துப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால் இதே அலறலோடு ஒரு செய்தி வந்திருந்தது, இது வெறும் சோதனை, புறக்கணிக்கவும் என்று. புறக்கணிக்க எங்களுக்கு ரொம்ப நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எனக்கு அக்கா நினைவுதான் வந்தது. விழுப்புரம் தாண்டி தென்பெண்ணைக் கரையோரம் எங்கள் ஊரிலேயே இருக்கிறாள். மாமா போன பிறகு ஒற்றை ஆள். ஒரு செவலை மாடு, அதன் கன்றுக்குட்டி. காலையும் மாலையும் சொசைட்டிக்கு ஊற்றும் பால்தான் அவள் அரிசி, மருந்து, கரண்ட் பில் எல்லாம். போன் போட்டேன்.

"நீ வந்து இன்னாடி பண்ணப் போற? காத்து அடிக்கும், ஓயும். இங்க யாரு காத்த பாக்காதவங்க?" என்றாள்.

அவள் அப்படித்தான் சொல்வாள் என்று தெரிந்தே லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது ரோட்டுக் கடைகளில் பிரெட்டுக்கும் மெழுகுவத்திக்கும் அப்படி ஒரு கூட்டம், தீபாவளி தோற்றது. நானும் இறங்கி இரண்டையும் வாங்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா பாதி வேலையை முடித்திருந்தாள். கூரை ஷீட் பறக்காமல் இருக்க மேலே கல் ஏற்றியாகிவிட்டது. அரிசி மூட்டை, அடுப்பு, மண்வெட்டி, அரிவாள், காற்றில் பறக்கக்கூடியது பறக்க முடியாதது எல்லாவற்றையும் பரணில் திணித்திருந்தாள். எங்கள் பக்கத்தில் புயல் என்றால் காற்று. மேலேயிருந்து வருவதற்குத்தான் நாங்கள் தயாராவோம். ஆறு என்பது மணல் கிடக்கும் இடம், அவ்வளவுதான். அதைக் குறுக்கே நடந்து அக்கரைக்குக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய் வந்திருக்கிறோம்.

சாயங்காலம் ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு தெருவில் வந்தது. பதிவு செய்த குரல். குடிசைகளில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குச் செல்லவும், மின்கம்பங்களைத் தொட வேண்டாம், கால்நடைகளைப் பாதுகாப்பான இடத்தில் கட்டி வைக்கவும். இது தெளிவாகவே கேட்டது. அக்கா கடைக்குப் போய்ப் புது நைலான் கயிறு வாங்கி வந்தாள். கொட்டகையின் கல்தூணில் செவலையை இரட்டைக் கயிறாகப் போட்டுக் கட்டினாள். மிரண்டு இருட்டில் ஓடிவிடக் கூடாது என்று முடிச்சின் மேல் முடிச்சு. கன்றுக்குப் பழைய சணல் கயிறே போதும் என்று விட்டுவிட்டாள்.

காற்று வந்தது. பக்கத்து வீட்டு ஷீட் பறந்தது, முருங்கை சாய்ந்தது, கம்பங்கள் விழுந்தன. எங்களுக்குச் சேதமில்லை. விடிந்ததும் அக்கா மாட்டின் நெற்றியைத் தடவி, "சொன்னேன்ல" என்றாள். என்னிடமா மாட்டிடமா தெரியவில்லை. மழை மட்டும் நிற்காமல் பெய்துகொண்டே இருந்தது. அதனால் மாடு கட்டின இடத்திலேயே கிடந்து தீனி தின்றது.

கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் டேங்குக்கு மோட்டார் ஓடாது, தெருக்குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. பிடித்து வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோய், அடுத்த நாள் பரணிலிருந்து அரிசியையும் அடுப்பையும் மட்டும் இறக்கி, கூரையிலிருந்து ஒழுகுவதை அண்டாவில் பிடித்துச் சோறாக்கினோம். தெரு முழுக்க ஒரே பேச்சு. தண்ணி எப்போ விடுவான்?

அன்று மதியத்துக்கு முன்னால் அதே ஆட்டோ மறுபடி வந்தது. புயலில் மைக்கும் அடிவாங்கியிருந்தது போல. கரகரவென்று இழுத்தது. மழைச் சத்தம் வேறு. எங்கள் தெருவுக்குள் சேறு என்பதால் முனையிலேயே திரும்பிவிட்டது. எங்கள் காதில் விழுந்தது இவ்வளவுதான். "...தண்ணீர் திறந்து விடப்படுகிறது. பொதுமக்கள்..."

அடுத்த நிமிஷம் தெருவே குடத்தோடு குழாயடியில் நின்றது.

இதைச் சொன்னால் திண்டிவனத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஊரில் தண்ணீர் திறந்து விடுவது என்றால் டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திருகுவது. வேறு எவனும் எங்களுக்காக எதையும் திறந்து விட்டதில்லை. நானும்தான் இரண்டு குடத்தோடு நின்றேன். யார் முதலில் வந்தது என்று ஒரு சண்டை கூட நடந்தது. குழாயைத் திருகித் திருகிப் பார்த்தார்கள். காற்றுதான் வந்தது.

ரோட்டோரம் இருந்தவர்கள் முழுசாகக் கேட்டதைப் பிறகு சொன்னார்கள். அணையிலிருந்து உபரி நீர் திறந்து விடப்படுகிறது, கரையோரப் பொதுமக்கள் எச்சரிக்கையுடன் இருக்கவும். உபரி நீராம். குடிக்கிற தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ஊரில் வந்து உபரி என்கிறார்கள். எச்சரிக்கையுடன் இருப்பது என்றால் உட்கார்ந்துகொண்டா, நின்றுகொண்டா? வெள்ளம் வருது, ஓடுங்க, மாட்டை அவுத்து வுடுங்க என்று மனுஷன் மனுஷனிடம் சொல்கிற மாதிரி சொல்ல அவர்களுக்கு வாய் வராது. அதற்குக் கௌரவம் இடம் கொடுக்காது.

தெருவின் கீழ்க்கோடியிலிருந்து தண்ணீர் ஊர்ந்து வருவதை முதலில் பார்த்த பெண், "பைப்பு ஒடஞ்சி போச்சிடி!" என்று கத்தினாள். பைப்புத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருமா? அது கணுக்காலைத் தொட்டு முழங்காலுக்கு ஏறியபோதுதான் எல்லோரும் குடத்தைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூட மேட்டைப் பார்த்து ஓடினார்கள்.

அக்கா எதிர்ப்பக்கமாக ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன்.

கொட்டகை பள்ளத்தில் இருந்தது. நாங்கள் போகும்போது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கன்றின் சணல் கயிற்றை அக்கா ஒரு இழுப்பில் உருவிவிட்டாள். அது தத்தளித்து மேட்டுக்கு ஏறிவிட்டது. செவலையின் நைலான் முடிச்சு அசையவில்லை. மாடு மிரண்டு இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. அக்கா பல்லால் கடித்தாள். "அருவா! அருவா எடுத்துக்கினு வாடி, ஜல்தி!" என்று கத்தினாள். அரிவாள் பரணில் இருந்தது. பத்திரமாக. வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் தண்ணீர் சுழித்து ஓடியது. நான் கால் வைத்தேன், அது என்னை வாரிவிட்டுக் கொட்டகைத் தூணிலேயே கொண்டுவந்து மோதியது.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. மாடு தலையைத் தூக்கவும் கயிறு இடம் கொடுக்கவில்லை. மிதக்க இடுப்பில் லாரி ட்யூப் கட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரும் நானும் அக்காவை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தோம். அவள் என்னைக் கடித்தாள். விடுங்கடா, நான் இங்கியே கெடக்கறேன் என்று கெட்ட வார்த்தையோடு திட்டினாள். மேட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது கொட்டகையில் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் நின்றதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

தண்ணீர் வடிந்த பிறகு கணக்கெடுக்க ஒரு ஆபீசர் வந்தார். மரியாதையான ஆள், சின்ன வயசு. அக்காவைப் பார்த்து, "முன்னாடியே அனவுன்ஸ் பண்ணோமேம்மா. மாட்டை ஏன் அவுத்து விடலை?" என்று கேட்டார்.

அக்கா அதுவரை யாரிடமும் பேசவில்லை. அவரிடம் பேசினாள். "கட்டி வையின்னு நீங்கதான சார் சொன்னீங்க? கட்டனேன். அவுத்து வுடுன்னு எப்ப சார் சொன்னீங்க?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குரலைப் பதிவு செய்தவர் அவரில்லை.

அந்தக் கன்று இப்போது நன்றாக வளர்ந்த கிடேரி. அக்கா அதைக் கட்டுவதே இல்லை. அது ஊர் முழுக்கத் திரிகிறது. யார் மல்லாட்டைக் கொல்லையிலாவது புகுந்து கடலைச் செடியை மேய்கிறது. வீட்டுக்கு வந்து சண்டை போடுகிறார்கள். அன்று உயிரைக் கொடுத்து அவளை இழுத்து வந்த பக்கத்து வீட்டுக்காரரே, "ஒரே பேஜாரா கீது. மாட்டைக் கட்டி வைக்க மாட்டியா?" என்று கத்துகிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் கொல்லை பாதி போய்விட்டது.

போன மாதம் போயிருந்தபோது எனக்கே பொறுக்கவில்லை. வானத்தில் மேகமே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து, அவளுடைய பழைய புடவைக் கிழிசல் ஒன்றைக் கயிறாக முறுக்கிக் கிடேரியைக் கொண்டுபோய் வேப்ப மரத்தில் தளர்வாகக் கட்டினேன். ஒற்றை முடிச்சு. குழந்தை இழுத்தாலும் அவிழும்.

அவள் பார்த்துவிட்டாள். சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து வந்தாள். சோற்றுக் கையாலேயே முடிச்சை அவிழ்த்தாள். பிறகு மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஜல்தியாக அவிழ்க்க முடிகிறது என்று பார்க்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. கடைசியில் துணியைத் தூர எறிந்துவிட்டு, மாட்டைத் தட்டி வெளியே ஓட்டினாள்.