சத்தியசீலன் கேட்கப் போன சத்தம்

சத்தியசீலன் யாரையும் நம்பமாட்டார். அதனாலேயே ராசா ஊரில் பாதிப் பேர் தங்கள் காடியை, அதாவது காரை, அவரிடம் நம்பி விட்டார்கள். மீதிப் பேர் விடாததற்கும் அதுவே காரணம்.

ரெம்பாவ் போகும் சாலையில், செம்பனை எஸ்டேட்டின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. எஸ்டேட் டிராக்டர்களில் தொழில் பழகியவர், ஐம்பத்தாறு வயதில் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காடிகளின் என்ஜினைத் திறந்து கொண்டிருக்கிறார். "போன மாசந்தான் ஆயில் மாத்தினேன்" என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார்ப்பார். புது உதிரிச் சாமான் பெட்டியோடு வந்தால் தராசில் வைப்பார். மனைவி திலகா தேநீரில் சீனி போட்டாயிற்று என்று சொன்ன பிறகும் கரண்டியை விட்டு அடியில் துழாவுவார். இருபத்தெட்டு வருடக் கல்யாணத்தில் ஒருநாளும் சீனி இல்லாமல் இருந்ததில்லை. அது அவருடைய சந்தேகத்தை அதிகப்படுத்தியதே தவிரக் குறைக்கவில்லை.

மற்றவர்கள் தன்னைச் சந்தேகப்படுவார்கள் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. ஆகவே ஒரு முறை வைத்திருந்தார். கையால் தொட்ட ஒவ்வொரு சாமானிலும் திலகாவின் ஊதா நகப்பூச்சால் ஒரு பொட்டு. பக்கத்தில் அன்றைய நாளிதழ். தேதி தெரிய ஒரு படம். கடத்தப்பட்டவர் உயிரோடு இருக்கிறார் என்று குடும்பத்துக்கு அனுப்பும் படம் மாதிரியே இருக்கும்.

டொனால்ட் விஷயத்தில் இந்தப் படம்தான் வினையாக முடிந்தது.

டொனால்ட் லோபாக்கில் குடியிருப்பவன், இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஐந்து வருடம் சேர்த்து ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காடி வாங்கியிருந்தான். அந்த வகை என்ஜினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் முனையில் ஒரு பல்சக்கரம் உண்டு. வேகத்துக்குத் தக்கபடி வால்வு திறக்கும் நேரத்தை முன்னே பின்னே தள்ளிக் கொடுப்பது அதன் வேலை. ஆயில் அழுத்தத்தில்தான் அது நகரும். ஆயிலை அளந்து அனுப்ப ஒரு சின்ன வால்வு, அந்த வால்வுக்கு முன்னால் தேநீர் வடிகட்டியின் பேரப்பிள்ளை மாதிரி ஒரு வலை. சத்தியசீலன் அந்த வலையைக் கழுவி, வால்வுக்கு மின்சாரம் கொடுத்து நகர்கிறதா என்று பார்த்து, மேல்மூடியைத் திறந்து சக்கரத்தையும் சோதித்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படமும் அனுப்பினார்.

நாலாம் நாள் காலையில் என்ஜினில் 'கரகர' என்று ஒரு சத்தம். இரண்டு வினாடி. அப்புறம் அடங்கிவிட்டது. அடுத்த நாளும் அதே மாதிரி. வேறொரு கடைக்காரன் கேட்டுவிட்டு, "கேம் சக்கரம் போச்சு பாஸ். ஒரிஜினலா இருந்தா இப்படிப் போகாதே" என்று ஒரு வார்த்தை போட்டான். டொனால்டுக்கு அது போதும். ராசா, லோபாக் காடிக்காரர்கள் நூற்றிருபது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டான்: சத்தியசீலன் ஒரிஜினலை எடுத்துக்கொண்டு போலியை மாட்டிவிட்டார்.

சத்தியசீலன் பொட்டு வைத்த படங்களைக் குழுவில் போட்டார். டொனால்டின் பதில் உடனே வந்தது. "தப்பு செய்யாதவன் எதுக்கு இவ்வளவு சாட்சி சேர்த்து வெக்கிறான்?"

நல்ல கேள்விதான் என்று நூற்றிருபது பேருக்கும் தோன்றியது. அந்த வாரம் பட்டறைக்கு வருவதாகச் சொன்ன நாலு காடிகளும் வரவில்லை. "சாமான் மாத்துறவன்" என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் அப்புறம் லாரிக்குப் பஞ்சர் ஒட்டத்தான் லாயக்கு. சத்தியசீலனுக்கு அது தெரியும். அப்படி ஆன இரண்டு பேரை அவரே பார்த்திருக்கிறார். அவர்களையும் அவர் நம்பியதில்லை.

காடியைக் கொண்டுவரச் சொன்னார். லோபாக்கிலிருந்து வந்து சேர்வதற்குள் என்ஜின் சூடாகிவிடும், சத்தம் இருக்காது. இரண்டு தடவை இப்படியே ஆயிற்று.

"ஒரு ராத்திரி இங்க விட்டுட்டுப் போ தம்பி. காலையில மொதல் ஸ்டார்ட்ட நான் கேக்கணும்."

"ஒரு பகல் விட்டதுக்கே சக்கரம் போச்சு, அங்கிள். ராத்திரி விட்டா சீட்டும் சேர்ந்து போயிரும்லா."

"அப்ப நான் உன் வீட்டுக்கு வரேன். சனிக்கிழமை ஏழரைக்கு. அதுவரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"யாரு தொடப்போறா? நானே எட்டுக்குத்தான் எழும்புவேன்."

ஏழரை என்று சொன்னதால் சத்தியசீலன் ஆறரைக்கே போய்விட்டார். ஏதாவது தில்லுமுல்லு நடக்குமானால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கும் என்பது அவர் கணக்கு. இரண்டு வீடு தள்ளி வேனை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. பகலில் குரைக்காத நாயாக இருந்தால் இதிலும் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆறே முக்காலுக்குக் கதவு திறந்தது. டொனால்டின் மனைவி ஜூலியானா. ஆஸ்பத்திரியில் தாதி, வெள்ளை உடுப்பில் இருந்தாள். வாசலில் இரண்டு காடிகள் ஒன்றின் பின் ஒன்று: அவளுடைய குட்டிக் காடி உள்ளே, சிவப்புக் காடி கேட்டை ஒட்டி. அவள் சிவப்புக் காடியில் ஏறினாள். கரகர. ரோட்டுக்கு இறக்கினாள், அணைத்தாள். தன் காடியை வெளியே எடுத்தாள். மறுபடி சிவப்பில் ஏறினாள். கரகர. வாசலுக்குள் ஏற்றினாள், அணைத்தாள். ஒவ்வொரு தடவையும் என்ஜின் ஓடியது பதினைந்து வினாடிகூட இல்லை.

சத்தியசீலன் வேனிலிருந்து குதித்தார். "நில்லும்மா!"

ஜூலியானா கையில் இருந்த குடையை ஓங்கினாள். "யாரு? போலீஸைக் கூப்பிடுவேன்!"

"நாந்தான்மா, பட்டறை சத்தியசீலன்."

அடையாளம் தெரிந்த பிறகும் குடை இறங்கவில்லை. சக்கரத்தைத் திருடினவர் இப்போது மிச்சத்தையும் எடுக்க வந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும்.

"இப்பிடித் தெனமும் செய்வியா?"

"வேற எப்பிடி அங்கிள்? அவுரு பிந்தி வருவாரு, பின்னால நிறுத்துவாரு. காலையில எழுப்பினா எழும்பமாட்டாரு. ரோட்டுல விட்டா எவனாவது கீறிருவான்னு வேற சொல்லுவாரு."

"எப்பயிலேர்ந்து?"

"காலை ஷிப்ட் மாத்தினதுலேர்ந்து. மூணு வாரம் இருக்கும்."

சத்தியசீலன் விரல் விட்டு எண்ணினார். வலையைக் கழுவிக் கொடுத்த அதே வாரம்.

சத்தம் கேட்டு டொனால்ட் இடுப்பில் சாரத்தோடு வெளியே வந்தான். மனைவியையும் மெக்கானிக்கையும் மாறி மாறிப் பார்த்தான். இருவரும் சேர்ந்து ஏதோ ஏற்பாடு செய்கிறார்கள் என்ற முடிவுக்கு வர அவனுக்கு நேரம் பிடிக்கவில்லை.

"யாரும் ஸ்டார்ட் பண்ண மாட்டாங்கன்னியே தம்பி?"

"பண்ணலையே."

"ரெண்டு தடவ. என் கண்ணால பார்த்தேன்."

"ஓ, அதுவா? அது ஸ்டார்ட் இல்ல அங்கிள். சும்மா நவுத்தி வெக்கிறது."

லோபாக்கின் எந்த வீட்டிலும் அது கணக்கில் வராது. எந்த மெக்கானிக் எந்தக் கேள்வி கேட்டாலும், காடியை நகர்த்தி வைத்ததை யாரும் சொல்லமாட்டார்கள். வாசல் கூட்டியதை வீட்டு வேலை என்று சொல்லாதது மாதிரி.

சத்தியசீலன் சிவப்புக் காடியின் முன்மூடியைத் தூக்கி ஆயில் குச்சியை உருவினார். "மோந்து பாரு. பெட்ரோல் வாடை அடிக்குதா? சூடாகாத என்ஜினைப் போட்டு போட்டு அணைச்சா எரியாத பெட்ரோல் ஆயில்ல எறங்கும், ஆயில் நீத்துப்போயி அழுத்தம் கொறையும். இன்னொண்ணு. அணைக்கிறப்ப அந்தச் சக்கரம் தன் எடத்துக்குத் திரும்பணும், ஒரு ஊசி விழுந்து பூட்டிக்கணும். ஆயில் ஏறி முடியறதுக்குள்ள அணைச்சா பாதி வழியில நிக்கும். அடுத்த தடவை பூட்டு இல்லாம ஆடும். அதான் கரகர."

"அப்ப சக்கரம் ஒரிஜினலா, போலியா?"

"அதை நான் சொன்னா நம்புவியா?"

டொனால்ட் கொஞ்சம் யோசித்தான். "மாட்டேன்."

"நம்பாதே. ஒரு சாமானையும் நான் தொடப் போறதில்ல. ஆயில மட்டும் மாத்து, நீயே வேற கடையில மாத்து. ராத்திரி நீ வந்தவுடனே, சூடு இருக்கறப்பவே, ரெண்டு காடியையும் இடம் மாத்தி வெச்சுட்டுத் தூங்கு. அஞ்சு நாள். அப்புறம் சத்தம் வந்தா குழுவுல என்ன வேணும்னாலும் எழுது. வரலேன்னாலும் எழுது."

ஜூலியானா குடையை மடக்கினாள். "வாரத்துல ஒருநாளாவது எனக்கு முன்னாடி எழும்புங்கன்னு நானும் மூணு வாரமா சொல்றேன்" என்று கணவனிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஐந்து நாட்களும் சத்தியசீலனுக்குச் சரியாகத் தூக்கமில்லை. பூட்டு ஊசி ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தால் சத்தம் நிற்காது; நிற்காவிட்டால் அவர் பேரும் நிற்காது. இதை அவர் டொனால்டிடம் சொல்லவில்லை. டொனால்ட் வேண்டுமென்றே இடம் மாற்றாமல் விட்டுவிடலாம் என்றும் சந்தேகப்பட்டார். அப்படிச் சந்தேகப்பட்டதற்காக ஒரு தடவைகூட வருத்தப்படவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு டொனால்ட் ஒரு குரல் பதிவு அனுப்பினான். முதல் ஸ்டார்ட். சத்தியசீலன் அதைப் பதினோரு தடவை கேட்டார். சூடான என்ஜினில் எடுத்திருப்பானோ என்று பன்னிரண்டாவது தடவை கேட்டார். குளிர்ந்த என்ஜின் முதலில் ஏறி மெல்ல இறங்கும் அந்த உறுமல் சரியாக இருந்தது. கரகர இல்லை.

அன்று மத்தியானம் டொனால்ட் குழுவில் எழுதினான்: "சத்தியசீலன் அங்கிள் சாமான் மாத்தல. எங்க வீட்டு பார்க்கிங்தான் பிரச்சினை. தப்பு என் பேர்ல."

ஐந்து நிமிடத்தில் பதினாறு பதில்கள். எல்லாம் ஒரே கேள்விதான்: இப்படி எழுதச் சொல்லி அவர் உனக்கு என்ன கொடுத்தார்?

திலகாவுக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியசீலன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "சரியான கேள்விதானே? நானா இருந்தாலும் இதைத்தான் கேப்பேன்."

மறுவாரம் திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பதினாறு பேரில் ஏழு பேர் காடியைக் கொண்டுவந்தார்கள். யாரும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் கைகளைவிட்டுக் கண்ணெடுக்காமல், வேலை முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கழிவறைக்குப் போகவும் மறுத்தார். சத்தியசீலன் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்து திலகா பார்த்ததில்லை.