சுடலையின் உள்ளங்கைத் தையல்

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். போவது என் மானம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் சோடா பாட்டில் வெடித்து, என் கூட்டாளி சுடலையின் உள்ளங்கை கிழிந்தது.

ஆஸ்பத்திரியில் தைக்கும் முன் டாக்டர் கேட்டார்: "மரத்துப்போற ஊசின்னா குத்தும்போது எரியும், பொறவு வலிக்காது. ஸ்பிரேன்னா எரியாது, ஆனா சட்டுன்னு மரப்பு விட்டுரும். எது போடணும்டே?"

ஊசி என்றாலே சுடலை நடுங்குவான்.

"ஸ்பிரே போடச் சொல்லுலே, ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருக்கும்" என்றேன். போன வருஷம் அதைப் போட்டுத்தான் என் முழங்காலைத் தைத்தார்கள். நான் கதறியதை அவனிடம் சொல்லவில்லை.

முதல் தையலுக்குச் சிரித்தான். இரண்டாவதில் அலறினான். அவன் கையை அமுக்கிப் பிடித்தபடி, "கத்தாதலே, நர்ஸம்மா சிரிக்காவ" என்று நானும் சிரித்தேன். மூன்றாவதில் அவன் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தான். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

வெளியே வந்ததும், "ரொம்ப வலிச்சுதாலே?" என்று கேட்டேன்.

"அடுத்து உனக்குக் கிழியும்போது நான்தாம்லே கையைப் பிடிப்பேன்."