கல்லில் காணாமல் போன திருவனந்தபுரம்

திருவனந்தபுரம் போகும் ரோட்டில் மைல்கல் பெயிண்டராக நான் சேர்ந்தபோது, மொழிவாரியாக மாநிலம் பிரிக்கும் பேச்சில் எங்கள் பக்கத்தில் எல்லைக் கிளர்ச்சி சூடாக நடந்துகொண்டிருந்தது. பாறசாலையில் காலையில் ஓர் ஊர்வலம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போகும். சாயங்காலம் அதே ரோட்டில் இன்னொன்று சேரக்கூடாது என்று வரும். இரண்டுக்கும் ஒதுங்கி நின்று, வெள்ளையடித்த கல்லில் கறுப்பில் ஊர்ப்பெயரும் மைலும் எழுதுவேன். தற்காலிக வேலைதான். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஓவர்சியர் குட்டன் பிள்ளை நல்லவிதமாக ரிப்போர்ட் எழுத வேண்டும்.

ஒருநாள் அவர் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ராஜ்யத்தின் தலைநகரம் திருவனந்தபுரம் என்று தெற்கு மூலையில் இருக்கலாமா, பெரிய பட்டணமாகப் பார்த்துக் கொச்சிப் பக்கம் கொண்டுபோகலாமா என்று யாரோ அதில் எழுதியிருந்தார்கள்.

"எலே ஞானமணி, நம்ம பக்கம் தமிழ்நாட்டுக்குப் போனா திருவனந்தபுரம் எல்லையிலயாக்கும் கிடக்கும். எல்லையில எவனாவது தலைநகரம் வைப்பானா? ஐகோர்ட்டு இப்பவே எர்ணாகுளத்தில உண்டு. உத்தரவு வருமுன்ன நம்ம செக்சன் ரெடியா இருக்கணும். கல்லில திருவனந்தபுரத்த எடுத்துட்டு எர்ணாகுளம்னு எழுது."

அப்படியானால் இந்தக் கல்லே தமிழ்நாட்டில் அல்லவா இருக்கும், மெட்ராஸ் என்றல்லவா எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கல்லுக்கு மறுபக்கம் உண்டுல்லா."

அமரவிளைப் பக்கம் நாலு கல்லில் எழுதி முடித்தேன். முன்னால் எர்ணாகுளம், பின்னால் மெட்ராஸ். திருவனந்தபுரம் எதிலும் இல்லை.

மறுநாள் காலையில் அஞ்சாவது கல்லுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாடகைக் கார் வடக்கே போயிற்று, திரும்பித் தெற்கே வந்தது, மறுபடியும் வடக்கே போய் என் அருகில் நின்றது. உள்ளே மாலை போட்ட மாப்பிள்ளை வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தார். மலையோரத்துக்காரர்கள். பத்து மணிக்குத் திருவனந்தபுரம் சர்ச்சில் கல்யாணம். டிரைவருக்கும் ரோடு புதிது. மாப்பிள்ளையின் மாமா இறங்கி வந்தார்.

"மக்கா, ஒரு பக்கம் எர்ணாகுளம், மறுபக்கம் மெட்ராஸ். எங்க பொண்ணு எங்கடே இருக்கா?"

உண்மையைச் சொன்னேன். அவர் என்னையும் காருக்குள் ஏற்றிக்கொண்டார். பெயிண்ட் டப்பாவை மடியில் வைத்தபடி சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பெண்ணின் அப்பா எங்கள் இஞ்சினியர் ஆபீசிலேயே கிளார்க் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. பிரியாணி நன்றாக இருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அடுத்த நாள் இஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். குட்டன் பிள்ளை தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டே, இதெல்லாம் இவன் எழுதியது என்றார். ஓவர்சியர் சொல்லித்தான் எழுதினேன் என்று நானும் சொல்லிவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். இஞ்சினியர் நாலு கல்லையும் முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார்.

"எழுத்து நல்லா இருக்கு. ஊருதான் தப்பு," என்றார்.

அன்று முழுக்க நான் திருத்தி எழுத, குட்டன் பிள்ளை சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். அந்த வருஷக் கடைசியில் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. பிற்பாடு தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இங்கேயே நின்றன. தலைநகரமும் அசையவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தலைநகரத்தை யார் எங்கே கொண்டுபோனாலும் போகட்டும். காரில் வருகிறவன் இன்றைக்குப் போக வேண்டிய ஊரைக் கல்லில் எழுதுங்கள்.