முகூர்த்த நாளில் படித்தவை

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. என் கணவர் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருப்பதால் வருடா வருடம் யாராவது ஒரு வியாபாரி கொடுத்துவிடுவார். தேதிக்குத் தேதி பெரிய பெரிய கட்டம். கேஸ் சிலிண்டர் மாற்றியது, பால் வராதது, சொந்தத்தில் நடக்கிற விசேஷங்கள் எல்லாம் அதில்தான் எழுதப்படும். நான் படிக்கிற புத்தகங்களின் பெயரையும் அதிலேயே எழுதிவைப்பேன். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க வசதி.

கணக்கு எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு வாசிப்புக் குழு உண்டு. மாதம் முடிந்ததும் படித்ததை அடுக்கிப் படம் எடுத்துப் போட வேண்டும், அடுத்த மாதம் என்ன படிக்கப்போகிறோம் என்றும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலில் வேலைக்கு வந்துபோகிற ஒரு பெண் எட்டுப் புத்தகம் அடுக்குவாள். நான் ‘கிழக்கு மண்டபம்’ என்ற தடித்த நாவலை வைத்து, பாதி என்று போடுவேன். அடுத்த மாதமும் அதே பாதி. அதற்கடுத்த மாதம் அவள் கேட்டுவிட்டாள்: “இன்னும் அந்தப் பாதியேதானுங்களாக்கா?” எங்கள் கொங்குப் பக்கத்தில் குத்துவதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் குத்துவார்கள். வலி என்னவோ குறைவதில்லை.

என் மேல் என்ன தப்பு? வாரத்தில் ஆறு நாள் ஆபீஸ். மிஞ்சுகிற ஞாயிற்றுக்கிழமையையும் சொந்தக்காரர்கள் விட்டுவைப்பதில்லை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை என்று ஏதாவது ஒன்று. வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டால் தப்பிக்க முடியாது. “நாம போகாட்டி நாளைக்கு நம்ம ஊட்டுக்கு யாரு வருவாங்க?” என்பார் என் கணவர். ஒரே மகளுக்கும் கல்யாணம் முடிந்து அவள் ஓசூரில் இருக்கிறாள். நாளைக்கு எங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது ஒன்றைக் கிளப்பிவிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். கட்டத்தில் எது முதலில் எழுதப்படுகிறதோ அதற்குத்தான் அந்த நாள். பின்னால் வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அந்தச் சட்டத்தின் ஓட்டை எனக்குத் தற்செயலாகத்தான் அகப்பட்டது.

எனக்கே ஒரு ரோஷம் வரட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ‘கிழக்கு மண்டபம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தேன். காங்கேயத்திலிருந்து ஒரு தம்பதி அதே நாளில் காதுகுத்துக்கு அழைக்க வந்தார்கள். என் கணவர் எழுந்துவந்து காலண்டரைப் பார்த்தார். திரும்பிப் போய், உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: “அன்னிக்கு ஏற்கனவே ஒரு மண்டபம் இருக்குதுங்களே. மனசுல வெச்சுக்காதீங்க.” நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் காங்கேயத்துக்காரர்களின் காபியில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டேன்.

ஞாயிறு காலையில் கேட்டார். “யாரு ஊட்டுக் கல்யாணம், அம்மணி?”

“எங்கம்மா வழியில தூரத்துச் சொந்தமுங்க. நீங்க எதுக்கு அலையோணும்? நான் ஒரு எட்டு போய்ட்டு வந்தர்றனுங்க.”

அவர் சந்தோஷமாகப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கல்யாணத்துக்கு என்றால் பட்டுச்சேலை கட்ட வேண்டும், பூ வைக்க வேண்டும், முக்கியமாக வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எல்லாம் செய்து, கைப்பையில் நாவலைத் திணித்துக்கொண்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் சேலையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். “மண்டபத்துல போரடிச்சாப் படிக்கறதுக்குங்களா?” என்றார். ஆமாங்க என்றேன். பொள்ளாச்சியில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்ப ஏறியபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. டிக்கெட்டை மட்டும் கொஞ்சம் தயங்கிக் கிழித்தார்.

அன்றைக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, தடித்த நாவல் பஸ்ஸுக்கு ஆகாது. கிணத்துக்கடவு தாண்டுகிறவரை ஒவ்வொரு வேகத்தடையிலும் அது மடியை விட்டு எழும்பியது. படித்த வரியையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது, வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். “தேங்காய்ப் பை தரலையா?” கூட்டத்தில் வாங்க மறந்துவிட்டேன் என்றேன். கொங்கு நாட்டில் தாம்பூலப் பையை மறந்துவிட்டுக் கல்யாணத்திலிருந்து திரும்பிய முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். அவர் அதை நம்பியது எனக்கே ஆச்சரியம்.

அதன் பிறகு அடுத்த மாதத்துக்கான புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கிற முறையே மாறிப்போனது. புத்தகக் கடையில் எழுதியவர் யார், என்ன கதை, யார் பாராட்டினார்கள் என்று எதையும் பார்ப்பதில்லை. ஒல்லியாக இருக்க வேண்டும், தலைப்பில் ஒரு விசேஷ வீடு இருக்க வேண்டும். ‘வளைகாப்புக்கு வந்தவர்கள்’ கிடைத்தபோது கடையிலேயே சிரித்துவிட்டேன். ‘மூன்றாம் பந்தி’ என்று ஒரு சிறுகதைத் தொகுப்பு. கதைகள் சுமார்தான், தலைப்புக்காகவே வாங்கலாம். ஒரு நல்ல துப்பறியும் நாவலை மனசே இல்லாமல் வைத்துவிட்டு வந்தேன். அதன் தலைப்பில் சாவு இருந்தது. கட்டத்தில் எழுதினால் இவர் மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்.

பை விஷயத்திலும் தேறிவிட்டேன். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பழைய தாம்பூலப் பைகள் ஒரு குவியலாகக் கிடக்கும். அதில் ஒன்றை மடித்து எடுத்துப்போவேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு தேங்காய், கொஞ்சம் வெற்றிலை பாக்கு. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தேங்காயைத் தட்டிப் பார்த்து, “நல்ல காய்” என்பார். பொள்ளாச்சிக் காய் நன்றாக இல்லாமல் என்ன செய்யும்? குழுவில் என் அடுக்கு உயர்ந்தது. மேட்டுப்பாளையத்துப் பெண் கைதட்டுகிற பொம்மைகளாகப் போட்டாள். ஆனால் அடுக்குக்கு அடியில் ‘கிழக்கு மண்டபம்’ மட்டும் பாதியாகவே கிடந்தது.

‘மூன்றாம் பந்தி’ முடித்துவிட்டு வந்த அன்று அவர் வழக்கம்போலத் தேங்காயைத் தட்டினார். பிறகு பையை விரித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு அதில் அச்சடித்திருந்த மணமக்கள் பெயரைப் படித்தார்.

“அம்மணி, இந்தக் கல்யாணத்துக்கா போய்ட்டு வாரே?”

“ஆமாங்க.”

“இது எங்க சித்தப்பா பேத்தி கல்யாணமாச்சே. தை மாசமே முடிஞ்சுபோச்சு. வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சதே நான்தான்.” கொஞ்சம் யோசித்தார். “மறுக்கா ஒருதடவை கட்டிக்கிட்டாங்களா?”

கைப்பைக்கு வெளியே புத்தகத்தின் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதை உருவித் தலைப்பைப் படித்தார். காலண்டரிடம் போய் அன்றைய கட்டத்தைப் படித்தார். முந்தைய மாதங்களையும் புரட்டிப் பார்த்தார். “சட்னிக்கு ஆவும்” என்று சொல்லித் தேங்காயை உடைத்தார்.

அந்த வாரம் முழுக்க அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்றிருந்தது. எனக்கு அவர் கோபத்தைப் பற்றிப் பயமில்லை. இனி நான் கட்டத்தில் எதை எழுதினாலும் எடுபடாது, ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி சொந்தக்காரர்களுக்கே போய்விடும், அந்தப் பாதி என் ஆயுசுக்கும் பாதியாகவே நிற்கும் என்பதுதான் பயம். குழுவில் அடுத்த மாதத் திட்டம் கேட்டபோது வேறு வழியில்லாமல் ‘கிழக்கு மண்டபம்’ என்றே சொன்னேன். காலண்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தின் மூலையில், பென்சிலால், பொடி எழுத்தில் எழுதினேன்.

எதிர்பார்த்தபடியே அந்த நாளுக்குப் புதுமனை அழைப்பு வந்தது. அவருடைய கடைக்கு வரப்போக இருக்கிற ஒருவரும் அவர் மனைவியும் தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். நான் காபி கலக்கிக்கொண்டிருந்தபோது இவர் சமையலறைக்குள் வந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பென்சில் எழுத்தை நிதானமாகப் படித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. வந்தவர்களிடம் திரும்பிப் போய்விட்டார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

“நான் காலையில நேரமே வந்தர்றனுங்க,” என்றார். “எங்கூட்டு அம்மணிக்குத்தான் அன்னிக்குத் தோதுப்படாதுங்க. வேறொரு விசேசம் இருக்குது.”

“பெரிய விசேசமுங்களா?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“பெருசுதானுங்க. அறுநூறு பக்கம். பாதியில நிக்குது.”

அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஆனால் எங்கள் ஊர்க்காரர் அல்லவா, மேற்கொண்டு கேட்கவில்லை.

“அப்படீங்களா,” என்றார். “நல்லபடியா முடியட்டுங்க.”