ராயபுரத்துக்குக் கார்பைட் சுண்ணாம்பு தேடிப் போனது

வடசென்னையைச் சுற்றப் போகிறவர்கள் துறைமுகம் பார்ப்பார்கள், மீன் வாங்குவார்கள். 1974 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ராயபுரம் போனது கழிவு வாங்க. சிரிக்காதீர்கள்.

அப்போது திருவொற்றியூரில் ஒரு சின்ன முலாம் பட்டறையில் கெமிஸ்டாக இருந்தேன். தாமிர முலாம் பூசிய சாமான்களைக் கழுவிய நீலத் தண்ணீர், பக்கத்து வீட்டு சகுந்தலா அக்காவின் கிணற்றில் கசிய ஆரம்பித்திருந்தது. அவர் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் முதலாளி கழிவைத் தொட்டியில் அடைத்து, வேலையை நிறுத்திவிட்டார். அந்தத் தொட்டியும் லேசாகக் கசிந்தது; அது சுத்தமானால்தான் கிணறு தப்பும், பட்டறையும் திறக்கும். சுண்ணாம்பு கலந்தால் தாமிரம் அடியில் படிந்துவிடும். வாங்கித் தரச் சொன்னால், "சாக்கடைக்குச் செலவா?" என்று முறைத்தார் முதலாளி. கார்பைட் கல்லில் கேஸ் எடுத்தபின் வெல்டிங் பட்டறைகள் கொட்டும் வெள்ளைக் களிம்பும் சுண்ணாம்புதான். சும்மாவே கிடைக்கும் என்று கிளம்பினேன்.

காலை எட்டு மணிக்கு பஸ் ஏறினேன். ஏழு கிலோமீட்டர்தான், டோல்கேட் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆனது. படகு எஞ்சின்களுக்கு வெல்டிங் வைக்கும் அந்தோணியின் பட்டறையில் களிம்புக் குழி காலி.

"கிறிஸ்துமஸ் வருதுல்ல சார்? தெருவே அள்ளிக்கினு போயி வூட்டுக்கு வெள்ளையடிக்குது," என்றார் அந்தோணி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்துப் பட்டறைகளிலும் அதே கதை. திரும்பி வந்தால், அந்தோணியின் வீட்டு வாசலில் அவர் மனைவி ஸ்டெல்லா ஒரு டிரம் நிறையக் களிம்பை வைத்துக்கொண்டு அப்போதுதான் சுவரைத் தொடங்கியிருந்தார். கேட்க வாய் வரவில்லை. கிணற்று விஷயத்தை மட்டும் சொன்னேன்.

ஸ்டெல்லா வெள்ளையடிக்கும் மட்டையைக் கீழே வைத்தார். "செவுரு அடுத்த வருசம் வெளுத்துக்கும் சார். அந்தம்மா தண்ணி இன்னிக்குக் குடிக்கணுமே. தூக்கினு போ."

கார்பைட் களிம்பு அடிக்கும் நாற்றத்துக்கு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். டிரம்மை ஏற்றி வந்த மீன்பாடி வண்டிக்காரர்கூட, "மீனே தேவல. இன்னா நைனா, இந்தக் கப்பு கப்படிக்குது?" என்று வழி நெடுகத் திட்டினார்.

அன்று மாலையே தொட்டியில் கரைத்துக் கலக்கினோம். மறுநாள் காலை நீலமெல்லாம் சேறாக அடியில் உட்கார்ந்திருந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு ஆணியை மேல்தண்ணீரில் முக்கினேன். தாமிரம் இருந்தால் சிவப்பேறும். ஆணி அதே பளபளப்போடு வந்தது. பக்கத்தில் வந்து நின்ற சகுந்தலா அக்கா அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, தொறங்க" என்றார். சேற்றைப் பீப்பாயில் அள்ளி மூடி வைத்தோம்.

இப்படி அள்ளப் போகிறவர்களுக்கு: கை வெந்துவிடும், ரப்பர் உறை போடுங்கள். களிம்பில் மிச்ச கேஸ் இருக்கும், பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். டிசம்பரில் போகவே போகாதீர்கள்.

கிறிஸ்துமஸ் அன்று அந்தோணி வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தெருவெல்லாம் பளீரென்று இருக்க, அந்த வீட்டுச் சுவர் மட்டும் பாதியில் நின்றது. எனக்குத் தலை நிமிரவில்லை.

ஸ்டெல்லா இலையில் கறியை அள்ளி வைத்தார். "வர்றவங்கல்லாம் கேக்குறாங்க சார், மீதி சுண்ணாம்பு இன்னா ஆச்சுன்னு. கெணறு குடிச்சிடுச்சுன்னு சொல்லிக்கினு கீறேன்."