போவோம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். பெண்கள் விரித்துப் பார்த்துவிட்டு விடும் சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்குவது என் வேலை. அதிகம் கதைக்கத் தேவையில்லை, அதனால் எனக்குப் பொருந்திவிட்டது. இருப்பது கொட்டாஞ்சேனையில், ஒரு அறையில். மனைவியும் மகளும் பிரான்சில். அவர்கள் போகும்போது மகளுக்கு நாலு வயது. இப்போது பதினாலு. பின்னால் நான் போவதாகத்தான் ஏற்பாடு. மூன்று முறை விண்ணப்பித்தோம். மூன்று முறையும் மறுத்துவிட்டார்கள்.

மகளுக்குத் தமிழ் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் "அப்பா, சாப்பிட்டிட்டீங்களோ" என்பாள். நான் "ஓம்" என்பேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மனைவி இரண்டு இடத்தில் துப்புரவு வேலைக்குப் போகிறவள், எப்போதும் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க முடியாது. ஆகவேதான் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் நடக்கும் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். படிப்பிக்கிறவ என்னைவிட இருபது வயது குறைந்தவ. நான் "ரீச்சர்" என்பேன், அவ என்னை "அண்ணை" என்பா. மற்றவர்கள் எல்லாம் கல்யாணம் முடித்துப் போகப்போகிற பிள்ளைகள். நான் இருப்பது கடைசி வாங்கில், ஜன்னலோடு.

வைகாசி மாதம் மகளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்ப நினைத்தேன். அவளுக்கு என்னைப் பற்றி எந்த ஞாபகமும் இல்லை என்று மனைவி சொல்லியிருந்தாள். அதைத் தாங்க முடியவில்லை. அவளுடைய சின்ன வயதில் நடந்ததை முதலில் தமிழில் எழுதினேன். "பின்னேரம் நாங்கள் கடற்கரைக்குப் போவோம். உன்னைத் தோளில் தூக்குவேன். கச்சான் கடலை வாங்கித் தருவேன். தண்டவாளத்தில் கோச்சி போனால் கை காட்டுவோம்." பிறகு ஒவ்வொரு வினைச்சொல்லையும் வகுப்புக் கொப்பியில் பார்த்தேன். போவோம் என்பதற்கு நேரே "நூ ஸிரோன்" என்று இருந்தது. தூக்குவேன், தருவேன் எல்லாவற்றுக்கும் இருந்தது. பத்துத் தரம் சொல்லிப் பார்த்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. அவள் குரல் கீச்சென்று உயர்ந்திருந்தது. "கான், பாப்பா? கான்?" எப்போது, அப்பா, எப்போது என்று கேட்கிறாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். எப்போது நடந்தது என்று கேட்கிறாள் என நினைத்தேன். கடைசியாக நாங்கள் கடற்கரைக்குப் போனது அவர்கள் பிளேன் ஏறுவதற்கு முதல் கிழமை. ஆகவே "ஆடி மாதம்" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து என்னவோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. ஆனால் பத்து வருசத்தில் அவள் என்னோடு அப்படிச் சிரித்ததே இல்லை. அந்தச் செய்தியை பஸ்ஸில் வரும்போதெல்லாம் போட்டுக் கேட்டேன்.

மூன்றாம் நாள் மனைவி போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, விசா கிடைச்சிட்டுதோ? எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"என்ன விசா?"

"ஆடியிலை வாறன், கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவன், தோளிலை தூக்குவன் எண்டு பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறீங்கள். அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப்போட்டாள். சிநேகிதியின்ர குடும்பத்தோட லீவுக்குப் போக இருந்ததையும் வேண்டாமெண்டிட்டாள்."

விசா இல்லை என்று மட்டும் சொன்னேன். எனக்கு எங்கே பிழைத்தது என்றே தெரியவில்லை.

சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு ரீச்சருக்கு நான் அனுப்பிய செய்தியைப் போட்டுக் காட்டினேன்.

"அண்ணை, இது எல்லாம் எதிர்காலம். இனிமேல் போவோம் எண்டு சொல்லியிருக்கிறீங்கள்."

"தமிழிலை இப்பிடித்தானே சொல்லுறது, ரீச்சர்? சின்னனிலை போவோம், வருவோம் எண்டு."

"ஓம், தமிழிலை அப்பிடித்தான்," என்றா. "அங்கை அதுக்கு வேற காலம் இருக்கு. அடுத்த மாதம் படிப்பிக்க இருந்தனான்."

படிகளில் நின்ற ஒரு பிள்ளை, பாரிஸ் மாப்பிள்ளைக்குப் பேசியிருப்பவள், திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணை, உங்களுக்கு என்னத்துக்கு இறந்தகாலம்? விசாக்காரர் எதிர்காலம்தான் கேப்பினம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு யாரோடும் கோபிக்கத் தெரியாது.

ரீச்சர் என்னை இருத்திச் சொல்லித் தந்தா. முதலில் "நாங்கள்" என்பதற்குரிய சொல்லை எடுக்க வேண்டும். அதன் வாலை வெட்டிவிட்டுப் புது வால் ஒட்ட வேண்டும். நாங்கள் இல்லாமல் அந்தக் காலத்தில் நான் என்று சொல்லவே முடியாது. "நூ ஸிரோன்" என்றால் இனிப் போவோம். "நூ ஸாலியோன்" என்றால் முந்திப் போவோம், போய்க்கொண்டிருந்தோம். தூக்குவேன் என்பதில் ஒரு சின்ன ர சத்தம் போனால் போதும், அது பழைய காலம் ஆகிவிடும். அந்த ர வை எடுக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. நாக்கு பழகாமல் அல்ல. ஒவ்வொரு சொல்லையும் திருத்தும்போது அவளிடமிருந்து ஒவ்வொன்றாய்ப் பறிப்பதுபோல் இருந்தது. கடலைப் பறித்தேன், கச்சானைப் பறித்தேன், தோளைப் பறித்தேன்.

மனைவியே சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். அவளும் அதைத்தான் சொன்னாள்: "நீங்கள் இனிப் பிரெஞ்சு கதைச்சது காணும்." ஆனால் சொன்னவன் நான். பிழையில்லாமல் சொல்லி அனுப்பினேன். முடிவில் மன்னிப்பும் கேட்டேன்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு எழுத்தில் ஒரு வரி வந்தது. "ஜ தாத்தான்தே." சொல்லின் முடிவைப் பார்த்தேன். நான் படித்த அதே வால். உன்னைக் காத்துக்கொண்டிருந்தேன்.

அதை ரீச்சரிடம் கொண்டுபோனேன். "இப்ப காக்கேல்லை, நிப்பாட்டியாச்சு எண்டு அர்த்தமோ?"

"அதை இந்தச் சொல் சொல்லாது, அண்ணை. காத்துக்கொண்டிருந்தன் எண்டு மட்டும்தான் சொல்லும். நிப்பாட்டினாவோ இல்லையோ எண்டு நீங்கள்தான் கேக்கவேணும்."

கேட்பதற்கான வசனம் கொப்பியில் எழுதி இருக்கிறது. நிகழ்காலம், லேசானது, முதல் பாடத்திலேயே படித்தது. ஆடி போய் ஆவணியும் போய்விட்டது. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனுக்கு வருவதில்லை. நான் இன்னும் கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் எனக்கு விளங்கிவிடும் என்பதுதான் இப்போது பயம்.

15 புரட்டாதி 2024, ஞாயிற்றுக்கிழமை.